நாட்டுக்கோழி அடை வைப்பது முதல் குஞ்சு தேறும் வரை: வேலூர்ப் பக்கத்துக் கொல்லைக்கான முழுமையான வழிகாட்டி

ஒரு கோழி அடைக்கு உட்கார்ந்துவிட்டால், வீட்டில் இருக்கும் முட்டையை எல்லாம் அதன் அடியில் வைத்துவிட்டு, குஞ்சு வெளியே வந்த பிறகு வலைக்கும் தீவனத்துக்கும் ஓடுபவர்களை அணைக்கட்டு, ஒடுகத்தூர்ப் பக்கம் நிறையப் பார்க்கிறேன். புதிதாகக் கொல்லையில் குடிவந்தவர்கள் மட்டுமல்ல, ஆடு மாடு வைத்துப் பழகியவர்களும் இப்படித்தான் செய்கிறார்கள். பொரிந்த குஞ்சு ஒரே மாதத்தில் பாதியாகக் குறைந்துவிடும். காக்கை தூக்கியது, கீரி கடித்தது, கழிச்சல் வந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்வார்கள். பெரும்பாலும் நடந்தது ஒன்றுதான்: முன்னால் செய்ய வேண்டிய வேலை பின்னால் போய்விட்டது.

அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். முதல் மூன்று வேலைகளும் முட்டையைத் தொடுவதற்கு முன்பே முடிய வேண்டியவை.

1. மாதத்தை முடிவு செய்யுங்கள்

கோழி எப்போது வேண்டுமானாலும் அடைக்கு வரும். நாம் எப்போது முட்டை வைக்கிறோம் என்பது வேறு. வேலூர் வெயில் பற்றிச் சொல்லவே வேண்டாம். மே 4 வாக்கில் தொடங்கும் அக்னி நட்சத்திரத்தில் குஞ்சு சின்னதாக இருந்தால் தகரக் கூரையின் கீழ் தாங்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரத் தரையில் நிற்கும் குஞ்சுக்கு ரத்தக்கழிச்சல் சீக்கிரம் வரும்.

இந்த இரண்டுக்கும் தப்பிக்கத் தை மாதத் தொடக்கத்திலும் ஆடியிலும் அடை வைப்பது நல்லது. தை முதல் வாரத்தில் வைத்தால் பிப்ரவரி தொடக்கத்தில் பொரியும், அக்னி நட்சத்திரம் வருவதற்குள் குஞ்சுக்கு மூன்று மாதம் ஆகிவிடும். ஆடியில் வைத்தது ஐப்பசி மழைக்குள் இறகு மூடித் தேறிவிடும். ஆடி, ஆவணியில் சாயங்கால மழை உண்டு, ஆனால் அது அடித்துவிட்டுப் போகும் மழை. கூரை ஒழுகாமல் இருந்தால் போதும்.

மற்ற மாதங்களில் அடைக்கு வரும் கோழியை என்ன செய்வது? முட்டையை எடுத்துவிட்டு, அடியில் காற்றுப் போகும் கம்பிக் கூண்டில் மூன்று நான்கு நாள் தீவனமும் தண்ணீரும் வைத்து அடைத்தால் அடை தெளிந்துவிடும். தண்ணீரில் முக்கி எடுப்பது வேண்டாம், கோழிக்குச் சிரமம்.

2. குஞ்சுக்கான அடைப்பை முதலில் கட்டுங்கள்

ஆமாம், முட்டை வைப்பதற்கு முன்பே. 21 நாள் இருக்கிறதே என்று தள்ளிப் போட்டால், அந்த நாட்களில் கழனி வேலையோ கல்யாணமோ வந்து நிற்கும்.

ஒரு தாய்க்கும் பத்துப் பன்னிரண்டு குஞ்சுக்கும் ஆறடிக்கு நான்கடி அடைப்பு ஒரு மாதத்துக்குப் போதும். செய்யும்போது இவற்றைக் கவனியுங்கள்.

வலையின் கண் அரை அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. கடையில் கோழிவலை என்று கொடுப்பது பெரும்பாலும் ஓர் அங்குலம், அதற்கு மேல். அது கோழி வெளியே போகாமல் தடுக்குமே தவிர, பாம்பும் எலியும் உள்ளே வருவதைத் தடுக்காது. காசு அதிகமானாலும் கீழிருந்து இரண்டடி உயரத்துக்காவது சின்னக் கண் வலை அடியுங்கள்.

வலையை மண்ணுக்குள் ஓரடி இறக்குங்கள். கீரியும் நாயும் வலையோடு போராடாது, அடியில் தோண்டித்தான் வரும். மேலேயும் மூட வேண்டும். வல்லூறு மேலிருந்து இறங்க ஒரு கை அகலம் இடம் போதும்.

தரையில் இரண்டு மூன்று அங்குலம் உமி அல்லது தேங்காய் நார்த்தூள் பரப்புங்கள். நம் பக்கம் மல்லாட்டைத் தோல், அதாவது வேர்க்கடலைத் தோல், சும்மாவே கிடைக்கிறது என்று அதைக் கொட்டுவார்கள். நன்றாகக் காய்ந்த தோல் என்றால் சரி. மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த தோலையோ புண்ணாக்கையோ கோழி பக்கமே கொண்டு போகாதீர்கள். அந்தப் பூஞ்சண நஞ்சு ஈரலைக் கெடுக்கும், சின்னக் குஞ்சுக்குச் சிறிதளவே போதும்.

3. தடுப்பு மருந்து எங்கே, எப்போது கிடைக்கும் என்று கேட்டு வையுங்கள்

வெள்ளைக்கழிச்சல் வந்த பிறகு மருந்தே கிடையாது. வரும் முன் போடுவது மட்டும்தான் வழி. இந்த வெள்ளைக்கழிச்சலுக்கான தடுப்பு மருந்து பக்கத்திலேயே, ராணிப்பேட்டையில் உள்ள கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையத்தில் தயாராகிறது. ஆனாலும் உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் அது இருக்கும் நாளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு குப்பியில் பெரும்பாலும் நூறு கோழிக்கான மருந்து இருக்கும். கலக்கிவிட்டால் ஓரிரு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். பத்துக் குஞ்சுக்கு ஒரு குப்பி உடைப்பது கட்டுப்படியாகாது. அதனால் அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று வீட்டாரோடு பேசி, ஒரே வாரத்தில் அடை வையுங்கள். குஞ்சுகள் ஒரே வயதில் இருந்தால் ஒரே குப்பி எல்லா வீட்டுக்கும் ஆகும். முதலிலேயே பேசாவிட்டால் இது நடக்காது, அதனால்தான் இந்த வேலை மூன்றாவது இடத்தில் இருக்கிறது.

4. முட்டை சேர்ப்பது

எட்டுப் பத்துக் கோழிக்கு ஒரு சேவலாவது இருக்கும் கூட்டத்து முட்டையாக இருக்க வேண்டும். கடை முட்டை பொரியாது.

இட்டு ஏழு நாளுக்குள் உள்ள முட்டையை மட்டும் வையுங்கள். வெயில் காலம் என்றால் மூன்று நான்கு நாள்தான். வெளியே இருக்கும் சூட்டிலேயே கரு பாதி வளர்ந்து செத்துவிடும். ஈர மணல் நிரப்பிய மண்சட்டியில் துணி விரித்து, கூர் முனை கீழே இருக்கும்படி அடுக்கி, வீட்டின் குளிர்ந்த மூலையில் வைத்தால் முட்டை கெடாது.

அழுக்காக இருக்கிறதே என்று கழுவாதீர்கள். ஓட்டின் மேல் மெல்லிய பூச்சு ஒன்று இருக்கிறது, கிருமி உள்ளே போகாமல் காப்பது அதுதான். கழுவினால் அது போய்விடும். காய்ந்த எச்சத்தை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும், ரொம்ப அழுக்கானதைச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு முட்டையையும் சுற்றிப் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். வேறு கோழி வந்து அதே கூடையில் முட்டையிட்டுப் போகும், இது எல்லா வீட்டிலும் நடப்பது. கோடில்லாத முட்டையைத் தினமும் எடுத்துவிடலாம். எடுக்காவிட்டால் முதல் குஞ்சுகள் வந்ததும் தாய் இறங்கிவிடும், பிந்திய முட்டைகள் பாதியில் வீணாகும்.

5. அடைக்கூடையும் கோழியும்

அகன்ற மூங்கில் கூடையோ மண்தொட்டியோ நல்லது. தகரத் தட்டும் இரும்புச் சட்டியும் வேலூர் வெயிலில் சூடேறும். அடியில் மூன்று அங்குலம் மணலும் சாம்பலும் கலந்து, நடுவில் சற்றுக் குழிவாக்கி, மேலே வைக்கோல் போடுங்கள். குழிவு இருந்தால் முட்டை ஓரத்துக்கு உருளாது. வைக்கோலுக்குக் கீழே ஒரு கைப்பிடி வேப்பிலையோ நொச்சியோ போட்டால் பேன் குறையும்.

கூடையில் இரும்புத் துண்டு, மிளகாய், கரி வைக்கும் வழக்கம் நம் ஊரில் உண்டு, இடி இடித்தால் முட்டை கெடும் என்பதற்காக. வைப்பதால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் கூமுட்டை ஆவதற்குக் காரணம் சேவல் சேராததும் பழைய முட்டையும் சூடும்தான். இரும்பு வைத்துவிட்டோம் என்று இவற்றைக் கவனிக்காமல் விடக் கூடாது.

கூடையை இருட்டான, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் ஒரு பலகை மேல் வையுங்கள். பலகையின் கால்களைத் தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தில் நிறுத்துங்கள். எறும்புக்காகத்தான் இது. ஓடு கீறிக் குஞ்சு மூக்கை நீட்டும் நேரத்தில் எறும்பு மொய்த்தால், அது வெளியே வராமலே செத்துவிடும். புதியவர்கள் கவனிக்கத் தவறும் முதல் விஷயம் இது என்றே சொல்வேன்.

மாட்டுக்கொட்டகையில் வைக்காதீர்கள். அங்கே தவிடு இருக்கும், தவிட்டுக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும்.

கோழி உண்மையாகவே அடைக்கு வந்திருக்கிறதா என்று பாருங்கள். இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கை நீட்டினால் கொத்தி, இரவிலும் கூடையை விட்டு எழாமல் இருக்க வேண்டும். இரண்டு நாள் வீண் முட்டை இரண்டை வைத்துச் சோதியுங்கள். அந்த இரண்டு நாளில் இறகைப் பிரித்துப் பேன் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பேன் உள்ள கோழி அரிப்புத் தாங்காமல் எழுந்து எழுந்து உட்காரும், முட்டை ஆறிப்போகும்.

பிறகு பொழுது சாய்ந்ததும் எல்லா முட்டையையும் ஒரே நேரத்தில் வையுங்கள். இருட்டில் வைத்தால் கோழி மிரளாது. பத்து முதல் பன்னிரண்டு முட்டை, சின்னக் கோழி என்றால் எட்டு ஒன்பது. பதினைந்து வைத்தால் ஓரத்து முட்டை மாறி மாறி ஆறி, எல்லாமே கெடும் வாய்ப்பு உண்டு.

6. 21 நாள்

இங்கே நம் வேலை குறைவு. தினமும் ஒரு வேளை கோழி தானாக இறங்கும், இறங்காவிட்டால் நாமே மெதுவாகத் தூக்கி இறக்கலாம். கம்பு, சோளம், நெல் போன்ற உலர்ந்த தானியமும் தண்ணீரும் வையுங்கள். கரைத்த தீவனம் கொடுத்தால் எச்சம் தண்ணியாகிக் கூடை நாறும். கால் மணி, இருபது நிமிடத்தில் திரும்பிவிடும். அது புழுதியில் குளிக்கட்டும், விரட்டாதீர்கள். தீவனத்தைக் கூடைக்குள் வைக்கவே கூடாது, எலி வரும்.

ஏழாம் நாள் இரவு டார்ச் மேல் முட்டையை வைத்துப் பாருங்கள். ஒரு கருப்புப் புள்ளியும் அதைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி ரத்த நாளமும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. தெளிவாக இருந்தால் கரு இல்லை, ரத்தக் கோடு வளையமாக நின்றிருந்தால் கரு செத்துவிட்டது. இரண்டையும் எடுத்துவிடுங்கள், உள்ளேயே அழுகி வெடித்தால் நல்ல முட்டையும் கெடும்.

18-ஆம் நாளுக்குப் பிறகு முட்டையைத் தொடாதீர்கள். குஞ்சு வெளியே வரும் நிலைக்குத் திரும்பியிருக்கும். காற்று உலர்ந்திருந்தால் கூடையைச் சுற்றித் தரையில் தண்ணீர் தெளித்துவிடலாம்.

7. பொரியும் நாள்

ஓடு கீறியும் வரவில்லையே என்று உரிக்கப் போகாதீர்கள். கீறல் விழுந்து வெளியே வர ஒரு நாள் வரைகூட ஆகலாம். அதற்குள் உரித்தால் ரத்த நாளம் கிழிந்து குஞ்சு போய்விடும்.

உள்ளே இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு இரண்டு நாள் வரை குஞ்சுக்குப் போதும். அதனால் முதல் நாளே தீனி கொடுக்க அவசரம் இல்லை. எல்லாம் பொரிந்து உலர்ந்த பிறகு தாயோடு அடைப்புக்கு மாற்றி, முதலில் தண்ணீர் காட்டுங்கள். கொதித்து ஆறிய தண்ணீரில் கொஞ்சம் வெல்லம் கலக்கலாம். தட்டு ஆழமாக இருந்தால் குஞ்சு விழுந்து நனையும், அதனால் கூழாங்கல் போட்டு வையுங்கள். சில மணி நேரம் கழித்துக் குஞ்சுத் தீவனமோ உடைத்த கம்பு, நொய்யோ கொடுக்கலாம். வெறும் நொய் மட்டும் என்றால் வளர்ச்சி மந்தமாகும். பழைய பானையில் சாணம், கிழிந்த கோணி, காய்ந்த தட்டை போட்டு நீர் தெளித்து, சாயங்காலம் புற்றுப் பக்கம் கவிழ்த்து வைத்தால் காலையில் கரையான் இருக்கும். குஞ்சுக்கு அதைவிட நல்ல தீனி கிடையாது.

ஓடுகளை அன்றே தூரப் போட்டுப் புதைத்துவிடுங்கள்.

8. தடுப்பு மருந்தின் வரிசை

பொரிந்த ஏழாம் நாள், வெள்ளைக்கழிச்சலுக்கு எஃப் 1 அல்லது லசோட்டா என்ற சொட்டு மருந்து, கண்ணிலோ மூக்கிலோ ஒரு துளி. இரண்டாம் வாரம் கம்போரோ நோய்க்கு, அந்தப் பகுதியில் அந்த நோய் இருந்தால் மருத்துவர் சொல்வார். நான்காம் வாரம் லசோட்டா மறுபடியும். எட்டாம் வாரம் இறக்கைக்கு அடியில் தோலுக்குக் கீழே அரை மில்லி கழிச்சல் தடுப்பூசி.

எட்டாம் வார ஊசியை முன்னாலேயே போட்டால் பாதுகாப்பு அதிகம் என்று நினைக்க வேண்டாம். அந்த மருந்தில் இருக்கும் கிருமி சற்று வீரியமானது, சின்னக் குஞ்சையே தாக்கிவிடும். ஊசிக்கு ஒரு வாரம் முன் குடற்புழு மருந்து கொடுங்கள். புழு இருக்கும் உடம்பில் ஊசி சரியாகப் பிடிக்காது.

மருந்தைப் பனிக்கட்டி போட்ட டப்பாவில்தான் கொண்டு வர வேண்டும். சட்டைப் பையில் வந்த மருந்து வெறும் தண்ணீருக்குச் சமம். காலை வெயில் ஏறும் முன் போடுங்கள். ஒரு கோழி தூங்கி வழிந்தாலும் அன்று போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பொய்கை செவ்வாய்க்கிழமைச் சந்தைக்கு மாடு பார்க்கப் போய், ஆசைப்பட்டு ஒரு சேவலையும் வாங்கி வந்து நேராகக் கூட்டத்தில் விடுபவர்கள் உண்டு. பார்க்க நன்றாக இருக்கும் சேவலும் கழிச்சலைச் சுமந்து வரலாம். வெளியிலிருந்து வரும் எந்தக் கோழியும் மூன்று வாரம் கண்ணுக்குத் தூரமாகத் தனியே இருக்கட்டும். கடைசியில் அதற்குத் தீனி வைத்துவிட்டுக் கைகால் கழுவுங்கள்.

9. காட்டில் இருந்து வருபவர்கள்

ஜவ்வாது மலையடிவாரத்திலும் பேரணாம்பட்டுக் காட்டோரத்திலும் கொல்லை வைத்திருந்தால் இவர்கள் வராமல் இருக்க மாட்டார்கள். நமக்கு முன்பே இங்கே இருந்தவர்கள். யார் வந்தது என்று சரியாகத் தெரிந்தால்தான் எதை அடைக்க வேண்டும் என்று தெரியும்.

பகலில், ஒரே நேரத்தில் பல குஞ்சு கழுத்துக் கடிபட்டுக் கிடந்தால் கீரி. தரையோர ஓட்டையைத் தேடுங்கள். சுவடே இல்லாமல் ஒன்று குறைந்தால் காக்கை அல்லது வல்லூறு, மேல்வலையைப் பாருங்கள். ரத்தமோ இறகோ இல்லாமல் இரவில் குஞ்சோ முட்டையோ மறைந்தால் பாம்பு. செம்போத்தும் முட்டை, குஞ்சு இரண்டையும் விடாது. இரவில் பெரிய கோழியையே இழுத்துப் போயிருந்தால் காட்டுப்பூனை, மரநாய், நரி, இல்லாவிட்டால் தெருநாய். எல்லாவற்றுக்கும் நரியைக் குறை சொல்வது நம் வழக்கம், பாதி நேரம் நாயாகத்தான் இருக்கும்.

தாய்க்கோழியின் குரலைக் கற்றுக்கொள்ளுங்கள். இழுத்து ஒரே குரலாகக் கத்தி, குஞ்சுகள் அப்படியே பதுங்கினால் ஆபத்து வானத்தில். விட்டு விட்டு, நிறுத்தாமல் கொக்கரித்தால் ஆபத்து தரையில், வேலியைப் பாருங்கள். தவிட்டுக்குருவிக் கூட்டமும் மைனாவும் அணிலும் ஒரு புதரைச் சுற்றி விடாமல் கத்தினால் அங்கே பாம்போ பூனையோ இருக்கிறது. வேலையை நிறுத்திவிட்டுப் போய்ப் பார்ப்பது வீண் போகாது, ஆனால் கையில் கம்போடு தூரத்தில் நின்று பாருங்கள்.

கொல்லை மரத்தில் கரிச்சான் கூடு கட்டினால் அந்தக் கிளையை வெட்டாதீர்கள். இரட்டைவால் குருவி என்போமே, அதுதான். கூடு இருக்கும் கோடை மாதங்களில் காக்கையையும் பருந்தையும் தன் மரத்துப் பக்கமே விடாமல் துரத்தும். அதன் மரத்துக்குப் பக்கத்தில் குஞ்சு அடைப்பை வைப்பது நல்ல ஏற்பாடு.

எலிக்கோ கீரிக்கோ விஷம் வைக்கவே கூடாது. விஷம் தின்ற எலியைக் கோழி கொத்தும், நாய் தின்னும், ஆந்தை தின்னும். எலியைத் தின்று நமக்கு உதவும் ஆந்தையும் சாரையும் போனபின் எலி இரண்டு மடங்காகும். கீரி, உடும்பு, பாம்பு, மயில் எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. பொறி வைப்பதும் குற்றம். வலையைச் சரிசெய்வதும், அடைப்பைச் சுற்றி இருபதடிக்கு விறகு, கல், வைக்கோல் போர் இல்லாமல் பார்ப்பதும்தான் நம் கையில் உள்ளது.

பாம்பு உள்ளே இருந்தால் தீயணைப்பு நிலையத்துக்கு 101-ல் சொல்லுங்கள். இருட்டில் கூடைக்குள் கைவிடும் பழக்கம் வேண்டாம், முதலில் டார்ச், பிறகு கம்பு, பிறகு கை. கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், அசையாமல் வைத்து 108-ஐ அழையுங்கள். நேராக அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாதிரி விஷமுறிவு மருந்து இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும்.

மயில் அழகுதான். ஆனால் கோழிக்கு இறைத்த தானியத்துக்கு வந்து பழகினால் நோயும் மாறி மாறிப் பரவும். தீவனத்தை அடைப்புக்குள் மட்டும் வையுங்கள்.

10. ஆடு, மாட்டோடு சேர்ந்து இருப்பது

கோழி எருக்குழியைக் கிளறிப் புழுவைத் தின்றால் ஈ குறையும். மாட்டின் உண்ணியையும் கொத்தும். இது நல்லதுதான், ஒரு நாளைத் தவிர. மாட்டுக்கு உண்ணி மருந்து தெளித்தால் இரண்டு மூன்று நாள் கோழியைக் கொட்டகைப் பக்கம் விடாதீர்கள். மருந்தோடு விழுந்த உண்ணியைப் பொறுக்கித் தின்னும்.

கோழித்தீவன மூட்டையை மூடியுள்ள பீப்பாயில் வைத்துப் பூட்டுங்கள். ஆடு புகுந்து தானியத்தை வயிறு முட்டத் தின்றால் வயிற்றில் அமிலம் ஏறி, மறுநாளே செத்தும் போகலாம். கோழி வளர்க்கத் தொடங்கிய வீட்டில் ஆட்டுக்கு வரும் புது ஆபத்து இது.

மாட்டுத் தொட்டிக்கு மேலே கோழி ஏறித் தூங்க விடாதீர்கள். எச்சம் விழுந்த தண்ணீரை மாடு குடிக்காது, பால் குறையும்.

11. நான்கு வாரத்துக்குப் பிறகு வெளியே விடுவது

முதல் மாதம் அடைப்பில் இருக்கட்டும். பிறகு தாயோடு சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும் திறந்துவிடுங்கள். பொழுது சாய்வதால் தூரம் போகாமல் திரும்பும். ஒரு வாரம் அப்படிப் பழகியபின் காலையிலும் விடலாம். காலையிலேயே முதன்முதலாகத் திறந்துவிட்டால் வேலிக்கு அப்பால் போய், வெயில் ஏறும்போது வழி தெரியாமல் புதரில் நிற்கும்.

இரண்டு மாதத்தில் தாய் குஞ்சுகளைக் கொத்தி விலக்கத் தொடங்கும். அப்போது தாயைத்தான் பிரிக்க வேண்டும், குஞ்சுகளை அதே அடைப்பில் விடுங்கள். இடமும் தாயும் ஒரே நாளில் மாறினால் தீனி எடுக்காது. சாயங்காலத் தீனியை அடைப்புக்குள் மட்டுமே வைத்து வந்தால், மரத்தில் ஏறிப் பழகாமல் தானாகவே உள்ளே வரும். கதவை மூடும்போது எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தால் அன்றைக்கே வலையைச் சுற்றி ஒரு முறை டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள், ஒரு முறை வழி கண்டது மறுநாள் அதே நேரத்துக்கு வரும்.